ஆட்டம் விளம்பரம், பாடம்தான் பிழைப்பு: ஹெலன் டெட்வைலர் என்ற கோல்ஃப் ஆசிரியை

கோல்ஃப் பதிவேட்டில் தேடினால் ஹெலன் டெட்வைலர் ஒரே வரியில் முடிந்துவிடுவார். 1939, பெண்கள் வெஸ்டர்ன் ஓப்பன், வெற்றி. அவ்வளவுதான். அவரோடு சேர்ந்து அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏவைத் தொடங்கிய பேப் ஜஹாரியாஸ், பேட்டி பெர்க், லூயிஸ் சக்ஸ் ஆகியோரின் பெயருக்கு எதிரே கோப்பைகள் டஜன் டஜனாக வரிசைகட்டி நிற்கும்போது, இந்த ஒற்றை வரி சற்றுப் பரிதாபமாகக்கூடத் தெரியும். ஆனால் இதே பெண் வானொலியில் பேஸ்பால் வர்ணனை செய்திருக்கிறார். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஓட்டியிருக்கிறார். பாலைவனத்தில் கோல்ஃப் மைதானம் அமைத்திருக்கிறார். எல்பிஜிஏ 1958-இல் முதன்முறையாக 'ஆண்டின் சிறந்த ஆசிரியர்' விருதைக் கொடுத்தபோது அதை வாங்கியவரும் இவர்தான்.

இப்படிப்பட்ட வாழ்க்கைகளை எழுதும்போது ஒரு வாய்ப்பாடு கைவசம் இருக்கிறது: முதலில் ஆடினார், பிறகு பயிற்சியாளரானார், கடைசியில் மைக் பிடித்தார். இன்றைய விளையாட்டுக்காரர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். முழங்காலோ முதுகோ போன பிறகு தொலைக்காட்சி கூப்பிடும். டெட்வைலருக்குப் பொருந்தாது. அவர் மைக்கைப் பிடித்தபோது வயது இருபதுகளின் நடுவில். கற்றுக்கொடுக்கப் போனதும் ஆடி ஓய்ந்த பிறகு அல்ல. ஆடிக்கொண்டிருந்தபோதே அதுதான் வேலை. அன்றைய பெண்கள் கோல்ஃபில் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் இந்த வரிசைக் குழப்பம் விளங்கும்.

டெட்வைலர் 1914-இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். அங்கேயே டிரினிட்டி கல்லூரியில் படித்தார். அவர் கோல்ஃபில் பெயர் எடுத்த 1930-களில், அமெரிக்கப் பெண்களுக்கு ஆட இடம் இருந்தது, ஆடிச் சம்பாதிக்க இடம் இல்லை. பெரிய பட்டம் என்றால் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் சாம்பியன்ஷிப். 1895 முதல் நடந்துவந்த அந்தப் போட்டியில் காசு வாங்குபவர் யாரும் ஆட முடியாது. 'அமெச்சூர்' என்றால் அரைகுறை என்று பேச்சுவழக்கில் ஒரு பொருள் இருக்கிறதே, கோல்ஃபில் அது செல்லாது. ஆட்டத்துக்காகவோ, ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதற்காகவோ பணம் வாங்காதவர் என்பதுதான் அங்கே பொருள். ஊரிலேயே மிகச் சிறந்த வீராங்கனையும் அமெச்சூராக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தார்கள், ஏனென்றால் வசதியான வீட்டுப் பெண்களால்தான் அப்படி இருக்க முடிந்தது.

வசதி இல்லாதவர்கள் தொழில்முறைக்கு மாறலாம். ஆனால் அது கிட்டத்தட்ட ஒருவழிப் பாலம். தாண்டிவிட்டால் அமெச்சூர் பட்டங்கள் எல்லாம் பின்னால் போய்விடும். தாண்டிய அந்தப் பக்கத்தில் இருந்தவையோ இரண்டு பெரிய போட்டிகள்: 1930-இல் தொடங்கிய வெஸ்டர்ன் ஓப்பன், 1937-இல் தொடங்கிய டைட்டில்ஹோல்டர்ஸ். இரண்டிலும் அமெச்சூர்களும் ஆடுவார்கள், பெரும்பாலும் ஜெயிப்பதும் அவர்களே. பெண்களுக்கான அமெரிக்க ஓப்பன் என்ற ஒன்று 1946-இல்தான் பிறந்தது. பேப் ஜஹாரியாஸ் போன்ற ஒருவரையே 1935-இல் தொழில்முறைக்காரர் என்று முத்திரை குத்தி அமெச்சூர் போட்டிகளிலிருந்து வெளியே தள்ளினார்கள். பரிசுப் பணம் ஏதும் வாங்காமல் பல ஆண்டுகள் காத்திருந்துதான் அவர் அந்தத் தகுதியைத் திரும்பப் பெற்றார்.

அப்படியானால் யார்தான் தொழில்முறைக்கு மாறினார்கள், எதை நம்பி? மட்டை விற்கும் நிறுவனங்களை நம்பி. வில்சன் நிறுவனம் 1930-களின் நடுவில் ஹெலன் ஹிக்ஸைச் சேர்த்துக்கொண்டது. ஓப்பல் ஹில், பேட்டி பெர்க் என்று பட்டியல் நீண்டது. 1939-இல் வெஸ்டர்ன் ஓப்பனை அமெச்சூராக வென்ற டெட்வைலர், அந்தப் பட்டம் கையில் இருக்கும்போதே தொழில்முறைக்கு மாறி வில்சனில் சேர்ந்தார். சம்பளம் கொடுத்த நிறுவனம் அவர்களிடம் எதிர்பார்த்தது கோப்பைகளை அல்ல, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பதைத்தான். கல்லூரி மைதானத்திலோ கிளப்பிலோ கூட்டம் கூடும். வீராங்கனை ஒவ்வொரு மட்டையாக எடுத்து, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி அடித்துக் காட்டுவார். இடது கை ஏன் இப்படிப் பிடிக்கிறது, பந்து காலுக்கு எந்த இடத்தில் இருக்க வேண்டும், காற்று எதிரே வந்தால் என்ன மாறும் என்று விளக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களில் நாலு பேர் மறுநாள் மட்டை வாங்கினால் நிறுவனத்துக்குக் கணக்கு சரி.

போட்டியில் ஜெயிப்பது இந்த வேலைக்கான விளம்பரப் பலகை. வயிற்றை நிரப்பியது பாடம். அதனால்தான் 'வீராங்கனையாக இருந்து பயிற்சியாளரானார்' என்ற வாக்கியம் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு எழுதப்படும்போது எனக்கு உறுத்துகிறது. மாறியது எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே அவர்கள் ஆசிரியர்கள்தான். ஆண்டில் சில வாரம் போட்டிக்குப் போய்வரும் ஆசிரியர்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

வர்ணனைக்கு வருவோம். 1930-களின் இறுதியில் டெட்வைலரைப் பேஸ்பால் வர்ணனைக்கு அழைத்தது ஜெனரல் மில்ஸ், காலை உணவுக்கான வீட்டீஸ் செதில்களைத் தயாரிக்கும் நிறுவனம். அந்த நாட்களில் நாடு முழுக்கப் பல வானொலி நிலையங்களில் பேஸ்பால் ஒலிபரப்புக்குப் பணம் கொடுத்தது வீட்டீஸ்தான். எனவே யார் மைக்கின் முன் உட்காருவது என்பதிலும் அதற்குச் சொல் இருந்தது. அமெரிக்காவில் பேஸ்பால் வர்ணனை செய்த முதல் பெண்களில் ஒருவராக டெட்வைலரைச் சொல்கிறார்கள்.

கோல்ஃப் ஆடுபவரிடம் ஏன் பேஸ்பாலைக் கொடுத்தார்கள்? அவர் பேஸ்பால் ரசிகை என்பது ஒரு காரணம். இன்னொன்று வணிகக் கணக்கு என்று நினைக்கிறேன். ஜெனரல் மில்ஸின் முன்னோடி நிறுவனம் 1924 முதலே 'பெட்டி கிராக்கர்' என்ற கற்பனைப் பெண்ணை வானொலியில் சமையல் சொல்ல வைத்திருந்தது. ஒரு பெண்குரல் மளிகைப் பட்டியலுக்குள் எப்படி நுழையும் என்பது அவர்களுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆட்டத்தைக் கேட்பவர்கள் ஆண்களும் பையன்களுமாக இருக்கலாம், வீட்டீஸ் டப்பாவைக் கடையிலிருந்து எடுத்துவருவது அம்மா. அந்த அம்மாவையும் ஆட்டம் கேட்க வைக்க ஒரு பெண் வர்ணனையாளர் உதவுவார் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தால் வியப்பில்லை.

அன்றைய வானொலி பேஸ்பால் எவ்வளவு கடினமான வேலை என்பதையும் சொல்ல வேண்டும். வெளியூர் ஆட்டங்கள் பலவற்றை வர்ணனையாளர் பார்த்ததே இல்லை. தந்தியில் நாலு எழுத்துச் சுருக்கமாக வந்து விழும் தகவலை வைத்து, நிலையத்தில் உட்கார்ந்தபடியே மைதானத்தில் இருப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போவார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன் ஐயோவா மாநிலத்தில் இதே வேலையைத்தான் செய்தார். ஒருமுறை தந்தி நின்றுபோக, கம்பி உயிர்பெறும்வரை மட்டையாளரைப் பந்தை வெளியே வெளியே தட்டவைத்து நேரத்தை ஓட்டியதாக அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிச் சிரித்தார். மைதானத்தில் உட்கார்ந்தே வர்ணித்தாலும், இரண்டு பந்துகளுக்கு நடுவே வரும் அந்த நீண்ட மௌனம் தொல்லைதான். தமிழில் கிரிக்கெட் வர்ணனையை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்தவரே வர்ணனையாளர். பந்தை அடித்தார் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

கோல்ஃப் பாடம் எடுப்பவருக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே கைவந்தது. உடம்பு செய்வதை வார்த்தையாக்குவதுதான் இரண்டு வேலையும். ஒன்றரை நொடியில் முடிந்துவிடும் மட்டை வீச்சை, அதாவது ஸ்விங்கை, அதைப் பார்க்கவே தெரியாத ஒரு புதியவருக்கு எது முதலில், எது அடுத்து என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வானொலி நேயருக்கோ பார்க்கவே வழியில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. டெட்வைலரின் தொழில்களில் மற்ற எதையும்விட இந்த இரண்டும்தான் ஒரே நூலில் கட்டியவை என்று எனக்குத் தோன்றுகிறது.

பேஸ்பால் வர்ணனையில் பெண்களுக்கு அதன்பிறகு நடந்தது வேறு கதை. கதவு திறந்ததே தெரியாமல் மூடிக்கொண்டது. 1964-இல் கான்சஸ் சிட்டி அணி பெட்டி கேவுட் என்பவரைச் சில ஆட்டங்களுக்கு உட்கார வைத்தது. 1977-இல் மேரி ஷேன் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு வந்தார். ஒரு பேஸ்பால் மேஜர் லீக் ஆட்டத்தின் ஒளிபரப்புக் குழு முழுவதும் பெண்களாக அமைந்தது 2021-இல். ஒவ்வொரு முறையும் 'முதல் பெண்' என்ற தலைப்பு வந்தது. அந்தத் தலைப்பு எத்தனை முறை வந்ததோ அத்தனை முறை முந்தையவர் மறக்கப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பிறகு இரண்டாம் உலகப் போர். மட்டை செய்யும் ஆலைகளுக்கு வேறு வேலை வந்தது, ஊர் ஊராகக் காரில் போகப் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது, பெண்கள் கோல்ஃப் கிட்டத்தட்ட நின்றது. டெட்வைலர் 'வாஸ்ப்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெண் விமானிகள் படையில் சேர்ந்தார். 25,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். அதிலும் ஒஹையோவின் லாக்போர்ன் தளத்தில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டப் பழக்கப்பட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் டெட்வைலர் ஒருவர். சிறகின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 31 மீட்டருக்கு மேல் நீளும் இயந்திரம் அது. இந்தப் பெண்கள் போர்முனைக்குப் போகவில்லை. விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பது, துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்குத் துணியை வானில் இழுத்துச் செல்வது போன்ற வேலைகள். 38 பேர் உயிரிழந்தனர். அவர்களைப் படைவீரர்களாகக் கணக்கில் சேர்க்காததால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவுகூட அரசுடையது இல்லை. 1944 டிசம்பரில் படையைக் கலைத்துவிட்டார்கள். முன்னாள் படைவீரர் என்ற தகுதி 1977-இல்தான் வந்தது.

குண்டுவீச்சு விமானத்தின் நிதானம் கோல்ஃபில் கைகொடுத்தது என்றெல்லாம் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் போர் அவருக்கு ஒரு அறிமுகத்தைக் கொடுத்தது. வாஸ்ப் படையின் தலைவி ஜாக்குலின் காக்ரன். அழகுசாதனத் தொழிலில் பணம் பண்ணியவர், பின்னால் 1953-இல் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த முதல் பெண் ஆனவர். கலிஃபோர்னியாவில் இண்டியோ என்ற பாலைவன ஊரில் அவருக்கும் கணவர் ஃபுளாய்டு ஓட்லமுக்கும் பெரிய பண்ணை இருந்தது. போர் முடிந்ததும் காக்ரன் தன் பழைய விமானியை அழைத்து, இங்கே ஒரு கோல்ஃப் மைதானம் போட்டுக்கொடு என்றார். டெட்வைலர் ஒன்பது குழி மைதானம் ஒன்றை வடிவமைத்தார். மைதானம் வடிவமைப்பது இன்றுவரை ஆண்களே பெரும்பாலும் செய்யும் வேலை. 1940-களில் ஒரு பெண் அதைச் செய்தார் என்பதை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

வேலை கொடுத்தவர் ஒரு பெண், அதுவும் சொந்த நிலம் வைத்திருந்த பெண் என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலைக்குப் போவதென்றால் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபர் சங்கமான பிஜிஏ உறுப்பினராக இருப்பது பெரிய பலம். அந்தச் சங்கமோ 1961 வரை வெள்ளையர் மட்டும் என்று எழுத்திலேயே வைத்திருந்தது. பெண்களுக்குக் கதவு திறக்க 1970-களின் கடைசி ஆகிவிட்டது. ஆக, எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்தாலும் பெண்களுக்குச் சான்றிதழ் கிடையாது, சங்கம் கிடையாது.

1950-இல் எல்பிஜிஏ உருவானதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1944-இல் தொடங்கிய முந்தைய பெண்கள் சங்கம் திணறிக்கொண்டிருந்தது. கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் பெண்கள் அமெரிக்க ஓப்பன் நடந்த சமயத்தில் 13 பெண்கள் கூடிப் புதிய சங்கத்துக்கு உருக்கொடுத்தார்கள். அந்த 13-இல் டெட்வைலர் ஒருவர். அந்த ஆண்டு எல்லாப் போட்டிகளையும் சேர்த்துப் பரிசுப் பணம் சுமார் 50,000 டாலர். அதிகம் சம்பாதித்த பேப் ஜஹாரியாஸின் வருமானம் 14,800 டாலர். அவர் பங்கு போக மிச்சத்தை மற்ற அத்தனை பேரும் பிரித்துக்கொண்டு, காரிலேயே ஊர் ஊராகப் போய், அறை வாடகையும் கட்டி ஆட வேண்டும். மைதானத்தில் குழி எங்கே வைப்பது, விதிமீறலுக்கு என்ன தண்டனை, அடுத்த ஊரில் பணம் போடுபவர் யார் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஆள் சேர்க்க, நிறுவனர்களில் ஒருவரான மேரிலின் ஸ்மித் குத்துச்சண்டை மேடையில் ஏறி மைக்கை வாங்கி "எங்கள் ஆட்டத்துக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறார். பேஸ்பால் மைதானத்தின் நடுவில் நின்று கோல்ஃப் பந்தை அடித்துக் காட்டியிருக்கிறார். மைக் பயம் இருந்தால் அந்தச் சங்கத்தில் இருக்கவே முடியாது.

டெட்வைலர் முழுநேரச் சுற்றுப்பயண ஆட்டக்காரராக ஆகவில்லை. 1950-களில் பாலைவனத்திலேயே தங்கி, பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் தண்டர்பர்ட் கிளப்பில் பாடம் எடுத்தார். 1951-இல், இண்டியோவும் பாம் ஸ்பிரிங்ஸும் இருக்கும் கோச்செல்லா பள்ளத்தாக்கின் முதல் 18 குழி மைதானமாகத் திறக்கப்பட்ட கிளப் அது. ஆண்களின் ரைடர் கோப்பை 1955-இல் அங்கேதான் நடந்தது. ஹாலிவுட்காரர்களும் பணக்காரர்களும் குளிர்காலத்தைக் கழிக்க வரும் இடம். விடுமுறைக்கு வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பது போட்டிக்காரருக்குக் கற்றுக்கொடுப்பதைவிடச் சிரமம். அவருக்கு வாரம் முழுக்கப் பயிற்சி செய்ய மனமிருக்காது. அரை மணி நேரத்தில் ஒரே ஒரு தவறைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லி, அவர் அதை ஊருக்குப் போன பிறகும் மறக்காதபடி செய்ய வேண்டும்.

1958-இல் எல்பிஜிஏ சிறந்த ஆசிரியர் விருதை ஏற்படுத்தி அவருக்குக் கொடுத்தது. மறு ஆண்டே கற்பித்தலுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. டெட்வைலரைப் போலவே நிறுவனர்களான ஷர்லி ஸ்போர்க்கும் மேரிலின் ஸ்மித்தும் அதற்காகப் பாடுபட்டவர்கள். சுற்றுப்பயணம் ஆடாத கல்லூரி ஆசிரியை எலன் கிரிஃபினும் அவர்களோடு நின்றார். பெண்களுக்குச் சான்றிதழும் சங்கமும் இல்லை என்ற குறை இங்கேதான் தீர்ந்தது. பிஜிஏ கதவைத் திறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் பக்கத்தில் வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். 1961-இல் அந்த விருதை வாங்கிய பெக்கி கர்க் பெல், கணவரோடு வாங்கி நடத்திய பைன் நீடில்ஸ் விடுதியையே பெண்களுக்கான கோல்ஃப் பள்ளியாக்கினார். அந்த மைதானத்தில் பெண்கள் அமெரிக்க ஓப்பன் 1996, 2001, 2007, 2022 என நான்கு முறை நடந்தது.

கோல்ஃப் வர்ணனைக்குப் பெண்கள் வந்தது இதற்கெல்லாம் பிறகு. 1973-இல் ஓக்மான்ட்டில் நடந்த ஆண்கள் அமெரிக்க ஓப்பனுக்கு ஏபிசி தொலைக்காட்சி மேரிலின் ஸ்மித்தை அழைத்தது; குத்துச்சண்டை மேடையில் மைக் பிடித்த அதே ஸ்மித். ஆண்கள் கோல்ஃப் ஒளிபரப்பில் பேசிய முதல் பெண் அவர். 1984-இல் அதே ஏபிசிக்கு வந்த ஜூடி ரேங்கின் அதை ஒரு முழுத் தொழிலாக்கினார். ரேங்கினின் வாழ்க்கை நாம் முதலில் சொன்ன வாய்ப்பாட்டுக்குள் கச்சிதமாக அடங்கும்: 26 வெற்றிகள், 1976-இல் ஒரே பருவத்தில் 1,50,734 டாலர் சம்பாதித்து ஒரு லட்சத்தைத் தாண்டிய முதல் வீராங்கனை, முதுகுவலியால் ஓய்வு, அதன்பின் மைக், 1996-லும் 1998-லும் அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் அணிகள் மோதும் சோல்ஹைம் கோப்பையில் அமெரிக்க அணித்தலைவி, இரண்டிலும் வெற்றி. ஆடுவதே ஒரு தொழிலாகிச் சோறு போட ஆரம்பித்த பிறகுதான் 'ஆட்டம் முடிந்த பின்' என்ற ஒரு காலமே பெண்களுக்குக் கிடைத்தது. டெட்வைலர் தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில்.

1990-இல் பாம் ஸ்பிரிங்ஸில் டெட்வைலர் இறந்தார். உலக கோல்ஃப் புகழரங்கத்தில் 13 நிறுவனர்களில் வெற்றிகள் நிறைய வைத்திருந்த ஆறு பேர் தனித்தனியாக முன்பே இடம்பெற்றிருந்தார்கள். மிச்சமிருந்த ஏழு பேரை, டெட்வைலர் உட்பட, 2024 ஜூனில் பைன்ஹர்ஸ்ட்டில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அப்போது 13 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. கடைசியாக இருந்த மார்லின் ஹேகி அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். இண்டியோவில் காக்ரனின் பண்ணை கைமாறி, இந்தியன் பாம்ஸ் என்ற பெயரில் 27 குழி கொண்ட கிளப்பாக வளர்ந்தது. அது டெட்வைலர் போட்ட அந்த ஒன்பது குழியிலிருந்து தொடங்கியதுதான்.